பத்தொன்பது வயதில் எந்த வழி? வன்னி இளையோரின் தொழில் தெரிவுகள் பற்றிய ஓர் ஒப்பீடு

பாடசாலைப் படிப்பின் இறுதிப் பரீட்சையான உயர்தரத்தின் பெறுபேறு வெளியாகும் நாட்களில், இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எந்த வீட்டு முற்றத்தில் அமர்ந்தாலும் ஒரே பேச்சுத்தான் நடக்கும். பிள்ளையை மறுபடி சோதனை எடுக்க வைப்பதா, தொழிற்பயிற்சிக்கு அனுப்புவதா, கார்மென்ட் வேலைக்கு விடுவதா, காணியின் ஒரு துண்டை விற்று வெளிநாடு அனுப்புவதா என்று அது நீளும். சம்பளம், மரியாதை, தூரம், செலவு எல்லாம் அந்தப் பேச்சில் இடம்பெறும். வயதைப் பற்றி மட்டும் அநேகமாக ஒருவரும் பேசமாட்டார்கள். இருபது வருடங்களுக்கு மேலாக வகுப்பறையில் நின்று, பெற்றோரிடமிருந்து இந்தக் கேள்வியை வருடந்தோறும் கேட்டுவருபவன் என்ற முறையில், அந்த விடுபட்ட விடயத்தை நடுவில் வைத்து இவ்வழிகளை ஒப்பிட விரும்புகிறேன். ஒவ்வொரு வழியும் எந்த வயதில் தொடங்குகிறது, எந்த வயதோடு முடிந்துபோகிறது, ஒருமுறை விட்டுச் சென்றவர் பின்னர் அதற்குத் திரும்பி வரலாமா ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பல குடும்பங்களின் முடிவு வேறுவிதமாக அமையும் என்பது என் உறுதியான எண்ணம்.

இலங்கை முழுவதையும் எடுத்துக்கொண்டால் வேலையின்மை அண்மைய வருடங்களில் 5 சதவீதத்தை ஒட்டியே இருந்திருக்கிறது. ஆனால் 15 முதல் 24 வயது வரையானவர்களை மட்டும் தனியாக எடுத்தால் அது 20 சதவீதத்துக்கும் மேலே நிற்கிறது. இதைக் கண்டு இளையோருக்கு வேலை செய்ய மனமில்லை என்று பேசுவோர் எங்கள் ஊரிலும் உண்டு. உண்மையில் முதல் வேலைக்கே முன் அனுபவம் கேட்கப்படுகிறது. அனுபவமோ முதல் வேலையில்தான் கிடைக்கும். வன்னியில் இந்த முடிச்சு இன்னும் இறுகியது. ஏ9 வீதியோரக் கடைகள், வங்கிக் கிளைகள், லீசிங் கொம்பனிகள், சில ஆடைத் தொழிற்சாலைகள், கட்டட வேலை என்பவற்றைத் தாண்டினால் தனியார் துறை இங்கே மிகச் சிறியது. அனுபவமில்லாத ஒருவரை எடுத்துப் பழக்கிவிடக்கூடிய பெரிய நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வன்னிப் பிள்ளையின் வயதும் அதன் படிப்பு நிலையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. முன்னர் ஓகஸ்ட் மாதத்தில் நடந்துவந்த உயர்தரப் பரீட்சை, கொரோனாத் தொற்றுக்குப் பின்னர் தள்ளித் தள்ளிப் போனது: 2021 ஆம் ஆண்டுக்குரியது 2022 பெப்ரவரியிலும், 2022 ஆம் ஆண்டுக்குரியது 2023 இன் தொடக்கத்திலும் நடைபெற்றன. பதினெட்டரை வயதில் எழுதி முடித்திருக்க வேண்டியவர் பத்தொன்பதைக் கடந்து எழுதினார். பெறுபேறும் பல்கலைக்கழக அனுமதியும் வந்துசேர இருபத்தொன்றாகிவிட்டது. அவர்களுக்கு மூத்தவர்களின் நிலை இதைவிடக் கடுமையானது. போர் முடிந்த 2009 இல் பத்து வயதாக இருந்த பிள்ளை, ஊர் ஊராக இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் தறப்பாளின் கீழ் எழுத்துக் கூட்டி, மீள்குடியேற்றத்தின் பின்னர் தன்னிலும் இளையவர்களோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்தது. அந்தப் பிள்ளைக்கு 2025 இல் வயது 26. அன்று பதினாறு வயதாக இருந்தவருக்கு 32. வேலைக்கான வயதெல்லை பிறந்த திகதியை மட்டுமே பார்க்கிறது. பதுங்குகுழியிலும் முகாமிலும் போன வருடங்களை அது பார்ப்பதில்லை. இது அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அநீதி திருத்தப்படும்வரை, இருக்கின்ற எல்லைகளை வைத்துத்தான் எங்கள் பிள்ளைகளுக்கு வழி சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் முதலாவதாகப் பேசப்படுவது பல்கலைக்கழகமும் அதன் தொடர்ச்சியாக அரசாங்க உத்தியோகமும்தான். உயர்தரத்துக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீத இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன. ஆகவே யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தவறிப்போகக்கூடிய ஒரு புள்ளி இங்கே போதுமானதாக இருக்கக்கூடும். படிப்பதற்கு வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை: வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன.

வயதைக் கணக்கிட்டுப் பார்த்தால் இவ்வழியின் விலை தெரியும். முதல் தடவையிலேயே தெரிவான ஒருவர்கூடப் பட்டத்தை முடிக்கும்போது இருபத்தைந்தோ இருபத்தாறோ ஆகிவிடுகிறது. மூன்றாம் தடவையில் தெரிவானவருக்கு இருபத்தெட்டை நெருங்கும். அரச சேவையின் பெரும்பாலான ஆரம்பப் பதவிகளுக்கு வர்த்தமானியில் குறிக்கப்படும் மேல் வயதெல்லை 30 அல்லது 35 ஆகவே இருப்பதால், பட்டம் பெற்றவர் கையில் எஞ்சுவது சில வருடங்கள் மட்டுமே. அந்தச் சில வருடங்களில் ஆட்சேர்ப்பு நடக்குமா என்பது அவர் கையில் இல்லை. 2020 இல் பல்லாயிரக்கணக்கான பட்டதாரிகள் பயிலுனர்களாக ஒரே தடவையில் சேர்க்கப்பட்டனர். 2022 இன் பொருளாதார நெருக்கடியோடு அரச சேவைக்கான புதிய ஆட்சேர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு வருட இடைவெளியில் பட்டம் பெற்ற இருவரில் ஒருவர் உத்தியோகத்தராகவும் மற்றவர் வீட்டில் காத்திருப்பவராகவும் ஆனது திறமையினால் அன்று, பிறந்த வருடத்தினால். சொற்பக் கொடுப்பனவுடன் வருடக்கணக்கில் படிப்பித்து, நிரந்தர நியமனத்துக்காக வீதியில் இறங்கிய வட மாகாணத் தொண்டராசிரியர்களில் பலர் வயதெல்லையைக் கண்முன்னே கடந்தவர்கள். அவர்களில் சிலரோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்திருக்கிறேன். முப்பத்து நான்காவது பிறந்தநாளை அச்சத்தோடு எண்ணிக்கொண்டிருந்த முகங்களை மறக்க முடியாது.

இதனால் பல்கலைக்கழக வழியே வேண்டாம் என்பதன்று என் கருத்து. முதல் தடவையில் வெட்டுப்புள்ளிக்கு, அதாவது அனுமதிக்கு வேண்டிய ஆகக்குறைந்த புள்ளிக்கு, அருகில் வந்தவர் இரண்டாம் தடவை எழுதுவதே சரி. மாவட்ட ஒதுக்கீடு அவருக்குச் சாதகமாக நிற்கிறது. மூன்றாம் தடவையை மட்டும் வேறொன்றும் செய்யாமல், ரியூசனுக்கும் வீட்டுக்கும் நடுவில் கழிப்பதை நான் ஏற்கமாட்டேன். அதைவிடச் சீக்கிரம் முடிந்துபோகும் இன்னொரு வாய்ப்பு பலருக்கும் கண்ணில் படுவதில்லை: தேசிய கல்வியியற் கல்லூரி. வவுனியா பூந்தோட்டத்தில் இருக்கும் கல்லூரியும் இதில் அடங்கும். உயர்தரத் தகைமையோடு சேர்ந்து, இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படித்து, ஒரு வருடம் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி செய்து ஆசிரியராக வெளியேறும் இவ்வழிக்கு வயதெல்லை 25. ஆசிரியராக வேண்டும் என்ற விருப்பம் உண்மையாகவே இருக்கும் பிள்ளை இதை முதலில் யோசிக்க வேண்டும். பட்டத்தை வேலையில் இருந்துகொண்டும் பின்னர் பெறலாம்.

அடுத்தது தொழிற்பயிற்சி. எங்கள் சமூகத்தில் இதற்கு இன்னமும் “படிப்பு வராதவர் போகும் இடம்” என்ற பெயர் ஒட்டியிருக்கிறது. அந்தப் பெயரால் இழந்தவர்கள் ஏராளம். தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது: முதல் நான்கு மட்டங்களும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், தொழினுட்பக் கல்லூரிகள், கைத்தொழில் நிலையமொன்றில் வேலை செய்தபடியே கற்க வைக்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை ஆகியவற்றோடு, 2016 இல் அறிவியல்நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் வன்னியில் இருக்கிறது. பதினோராம் வகுப்பின் முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றவருக்கும் இங்கே இடமுண்டு. பாடசாலைக்குள்ளேயே 2017 இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வியின் கீழ், சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் தொழிற்பாடப் பிரிவில் உயர்தர வகுப்பில் தொடரலாம்.

இவ்வழியின் தனிச் சிறப்பு வயதில்தான் இருக்கிறது. பத்தொன்பது வயதில் மின்னிணைப்பாளர், வாகனத் திருத்துநர், குளிரூட்டித் திருத்துநர் போன்ற ஏதேனுமொன்றில் சேர்ந்தவர் இருபத்தொன்றில் நான்காம் மட்டச் சான்றிதழோடும் தொழிலிடப் பயிற்சியோடும் வெளியே வருகிறார். அவருடைய வகுப்புத் தோழர் பட்டம் முடிக்கும் இருபத்தாறாவது வயதில், இவரிடம் ஐந்து வருட அனுபவம் இருக்கும். வேலை செய்துகொண்டே ஐந்தாம், ஆறாம் மட்டங்களுக்கும் ஏறியிருக்கலாம். பயிலுனர் முறையில் சேர்ந்தவருக்கு, முதல் வேலைக்கே அனுபவம் கேட்கும் அந்த முடிச்சும் அவிழ்ந்துவிடுகிறது. ஏனெனில் பயிற்சியே வேலைத்தளத்தில்தான் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே பிந்தி வருபவருக்கும் இடமுண்டு. சான்றிதழின்றிப் பல வருடம் ஒரு தொழிலைச் செய்தவர், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின் கீழ் மதிப்பீட்டாளர் முன்னிலையில் தன் வேலையைச் செய்து காட்டி, மறுபடி வகுப்பில் அமராமலேயே தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம். நான் ஒப்பிடும் வழிகளில், இழந்த வருடங்களைக் கழித்துவிடாமல் வேலையில் போன வருடங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது இது ஒன்றுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. பயிற்சி முடித்தவருக்கு வன்னிக்குள்ளேயே பொருத்தமான வேலை கிடைப்பது அரிது. வவுனியா, யாழ்ப்பாணம், கொழும்பு என்று போகத் தயாராக இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளைத் தையலுக்கும் அழகுக்கலைக்கும் மட்டும் அனுப்பும் பழக்கம் இன்னும் மாறவில்லை. மின்னியலிலும் இலத்திரனியலிலும் ஆர்வமுள்ள எத்தனையோ மாணவிகளை என் வகுப்புகளில் கண்டிருக்கிறேன், அவர்களில் பயிற்சிக்குப் போனவர்கள் மிகச் சிலரே. சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அந்தக் கற்கைநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவினால் தரச்சான்று பெற்றதா, முடிவில் கிடைப்பது தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழா அல்லது அந்த நிலையத்தின் சொந்தக் கடதாசியா? ஒரு தனியார் நிலையத்தில் பெருந்தொகை கட்டிப் படித்து, வெளிநாட்டு நேர்முகத் தேர்வில் அந்தக் கடதாசி ஏற்கப்படாமல் திரும்பிய மாணவர் ஒருவரின் ஒன்றரை வருடம் அப்படியே போனது. பத்தொன்பது வயதில் ஒன்றரை வருடம் பெரிய தொகை.

உடனடி வேலை என்ற மூன்றாவது வழியை ஏளனம் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை. தந்தையை இழந்த வீடுகள், ஒற்றைத் தாயின் உழைப்பில் ஓடும் வீடுகள் வன்னியில் எத்தனை என்பதை நாங்கள் அறிவோம்; மூத்த பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கினால்தான் இளையது பாடசாலையில் நிற்கும் என்ற நிலையில் இருப்பவரிடம் நான்கு வருடப் படிப்பைப் பற்றிப் பேசுவது பொருளற்றது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்கக் கூடாது. ஆடைத் தொழிற்சாலையின் பஸ், ஊர்ச் சந்திவரை வந்து பதினெட்டு வயதுப் பிள்ளையை ஏற்றிச் செல்கிறது. ஆனால் இவ்வழியின் ஆரம்ப வயது மட்டுமே தெளிவானது. முடிவு வயது எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. பதினெட்டில் விரும்பி எடுக்கப்படும் அதே பெண், திருமணமாகிப் பிள்ளை பெற்று முப்பத்தைந்தில் மறுபடி வேலை கேட்டு வரும்போது அந்த பஸ் அவளுக்காக நிற்பதில்லை. அவள் கையிலோ அந்தத் தொழிற்சாலைக்கு வெளியே பயன்படக்கூடிய சான்றிதழ் எதுவும் இருப்பதில்லை.

ஆகவே இந்த வேலைக்குப் போகும் பிள்ளை முதல் நாளே நியமனக் கடிதத்தையும் ஊழியர் சேமலாப நிதி இலக்கத்தையும் கேட்டு வாங்க வேண்டும். 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் ஊழியரின் 8 சதவீதமான 2,400 ரூபாயும், தொழில்தருநர் மேலதிகமாகச் செலுத்தும் 12 சதவீதமான 3,600 ரூபாயும் சேமலாப நிதிக்குச் சேரும். இதற்கு அப்பால் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமாக 900 ரூபாயைத் தொழில்தருநரே கட்ட வேண்டும். கடையில் கையில் கொடுக்கப்படும் சற்றுக் கூடிய சம்பளத்தைவிட, இவையெல்லாம் ஒழுங்காகக் கட்டப்படும் 30,000 ரூபாய் கூடியது என்பதைப் பிள்ளைக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வார இறுதியில் ஏதாவது ஒரு பயிற்சியைத் தொடரும் ஏற்பாடும் கூடவே இருந்தால், மூன்று வருடங்களில் இவ்வழியிலிருந்து இரண்டாவது வழிக்கு மாறிவிடலாம். மாறியவர்களை நான் அறிவேன். அவர்கள் எல்லோரும் இருபத்துமூன்றுக்கு முன்னர் மாறியவர்கள்.

வெளிநாட்டு வேலையில் வயதெல்லைகள் வெளிப்படையாகவே இருக்கின்றன. கொரிய வேலைக்கான மொழிப் பரீட்சைக்கு 18 முதல் 39 வயது வரையானவர்கள் தோற்றலாம். தெரிவானால் முதல் தடவையில் 4 வருடங்களும் 10 மாதங்களும் அங்கே வேலை செய்யலாம். வீட்டு வேலைக்காகச் செல்லும் பெண்களுக்கு முன்னர் சவூதி அரேபியாவுக்கு 25, ஏனைய மத்திய கிழக்கு நாடுகளுக்கு 23 என இருந்த ஆகக்குறைந்த வயது, 2022 இல் அமைச்சரவை எடுத்த தீர்மானத்தின்படி 21 ஆனது. சாரதி வேலையை எண்ணுவோர், கனரக வாகன அனுமதிப்பத்திரத்துக்கு 21 வயது ஆக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இவற்றைப் பார்த்தால், வெளிநாடு என்பது பத்தொன்பதில் பதற்றத்தோடு எடுக்க வேண்டிய முடிவே அல்ல. இருபத்தைந்திலும் முப்பதிலும் அந்த வழி கொரியாவுக்குத் திறந்தேயிருக்கிறது. தொழிற் தகைமையோடு போகிறவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் கிடைக்கும் வேலையும் சம்பளமும் வேறு வேறு. இருபது வயதில் தாயின் நகையை அடகுவைத்து ஏஜென்சிக்குக் கட்டி, கூலியாகப் போய், அந்தக் கடனை அடைக்கவே இரண்டு வருடம் உழைத்தவர்களின் கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. எந்த வயதில் போனாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, முகவரின் அனுமதிப்பத்திரத்தையும் அங்கே சரிபார்த்துப் போக வேண்டும்.

காணியும் கடலும் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அவற்றுக்கு வயதெல்லை இல்லை, ஆனால் இளையவருக்கு உரித்தும் இல்லை. வன்னிக் காணிகளில் பெரும்பகுதி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணிகள். அனுமதிப்பத்திரம் தகப்பன் பெயரிலோ பாட்டன் பெயரிலோ இருக்க, வயலில் நிற்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு வங்கிக் கடன் கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் அரசாங்கமே இதை மாற்றியமைத்தது: விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டத்தின் கீழ் இளைஞர்கள் தம் பெயரிலேயே காணி பெற்றுக் குடியேறினர், 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது மிளகாயும் வெங்காயமும் அவர்களைத் தலைநிமிர வைத்தன. இருபது வயதில் காணி கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் மண்ணிலேயே சான்று இருக்கிறது. இன்று அப்படியொரு திட்டம் இல்லாத நிலையில், இரணைமடுத் தண்ணீரை நம்பிக் காலபோகமும் சிறுபோகமும் செய்யும் குடும்பத்துப் பிள்ளைக்கு, உழவு இயந்திரத் திருத்தம் போன்ற ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு வயலைப் பார்ப்பதே நல்லது.

ஆக, என்னிடம் வரும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் முடிந்துபோகும் வாய்ப்பை முதலில் எடுங்கள். கல்வியியற் கல்லூரி 25 இல் முடிகிறது, அரச சேவை 30 இலோ 35 இலோ முடிகிறது, கொரியா 39 இல் முடிகிறது, தொழிற் தகைமைக்கு முடிவே இல்லை. வெட்டுப்புள்ளிக்கு அருகில் நின்ற பத்தொன்பது வயது மாணவிக்கு இரண்டாம் தடவைப் பரீட்சையும், அதே வேளையில் கல்வியியற் கல்லூரி விண்ணப்பமும். மூன்று பாடங்களிலும் சித்தியடையாத மாணவருக்குத் தாமதமின்றித் தொழிற்பயிற்சி. குடும்பப் பாரம் தலையில் இருப்பவருக்குச் சேமலாப நிதியோடு கூடிய வேலையும் வார இறுதி வகுப்பும்.

முப்பதைக் கடந்துவிட்ட, படிப்பு இடையில் அறுந்த அந்தத் தலைமுறைக்குத்தான் பதில் சொல்லத் தடுமாறுவேன். சென்ற வருடம் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். 2009 இல் பதினைந்து வயது. சாதாரண தரம் எழுதவே இல்லை. மேசன் வேலையில் பன்னிரண்டு வருடங்கள். பிறப்புச் சான்றிதழ் போரில் தொலைந்து, புதிய பிரதி எடுக்க அலைந்த கதையிலிருந்து தொடங்கி, வயது கடந்துவிட்டது என்று தன்னைத் திருப்பி அனுப்பிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் அவரைக் கூட்டிச் சென்றேன். அடையாள அட்டை, தான் வேலை செய்த வீடுகளின் படங்கள், இரண்டு ஒப்பந்தகாரர்களின் கடிதங்கள் ஆகியவற்றோடு முன்கற்றல் மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். மதிப்பீட்டு நாளன்று அவரிடம் வயதை எவரும் கேட்கவில்லை. தூக்குக்குண்டைக் கையில் கொடுத்து ஒரு சுவரைக் கட்டச் சொன்னார்கள்.